பிள்ளைகளும் விறகடுப்புச் சமையலும்: முகாமுக்குப் போகும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோலாலம்பூர்க் குடும்பங்களில் பல, உலு லங்காட், கோலக்குபு பாரு, ஜண்டா பாயிக் என்று கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. பினாங்குக்காரர்களுக்குத் தெலுக் பஹாங் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போயும் பெரியவர்கள் மட்டும் சமைக்க, பிள்ளைகள் கைப்பேசியோடு கூடாரத்துக்குள் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. முறையாகச் சொல்லிக்கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளையும் தணலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கை கொடுக்கும். எங்களோடு முகாமுக்கு வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

எந்த வயதில் தொடங்கலாம்?

வயதைவிடப் பிள்ளையின் குணத்தைப் பாருங்கள். "நில்" என்று சொன்னதும் நிற்கிற பிள்ளையா? அதுதான் முதல் தகுதி. பொதுவாக நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் காய் கழுவலாம், சுள்ளி பொறுக்கலாம், அடுப்பின் பக்கம் மட்டும் வரக்கூடாது. ஆறு ஏழு வயதில் மாவு பிசையலாம், நீளக் கழியில் எதையாவது சுற்றித் தணலில் காட்டலாம், பெரியவர் ஒருவர் தோளோடு தோளாக உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டிலிருந்து பத்துக்குள் சட்டியைக் கிண்டலாம், விறகைத் தள்ளிக்கொடுக்கலாம். தீக்குச்சியைக் கையில் கொடுப்பது அதற்கும் பிறகுதான்.

முதலில் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

அணைக்க. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. தீயை அணைக்கத் தெரியாத பிள்ளைக்கு மூட்டச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

ஒரு கைப்பிடிச் சுள்ளியை நீங்கள் பற்றவையுங்கள். கொஞ்சம் எரிந்து தணல் விழுந்ததும் பிள்ளையிடம் ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்து, ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். 'உஸ்' என்ற சத்தம் வரும், வெள்ளை ஆவி எழும், கறுத்துவிடும். பிள்ளை "முடிஞ்சிருச்சு" என்று சொல்லும். அப்போது ஒரு நீளக் குச்சியால் அந்தக் கரிக்கட்டைகளைப் புரட்டிக் காட்டுங்கள். மேலே கறுப்பாக இருந்த கட்டையின் அடிவயிறு இன்னும் சிவப்பாக இருக்கும். மறுபடி தண்ணீர், மறுபடி கிளறல். சத்தம் முழுக்க நின்று, சாம்பல் சேறாகி, புறங்கையை மேலே காட்டினால் சூடே தெரியாத நிலை வரும்வரை இதைச் செய்ய வேண்டும். புறங்கைச் சோதனையை முதலில் பெரியவர் செய்துவிட்டுத்தான் பிள்ளையைக் கூப்பிட வேண்டும்.

இதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை அதற்கப்புறம் கறுப்பாக இருக்கிறதே என்று எந்தக் கட்டையையும் கையால் எடுக்காது.

கடற்கரையில்தானே, மணலைப் போட்டு மூடிவிட்டால் போதாதா?

போதாது. அது ஆபத்தும்கூட. மணலுக்கடியில் தணல் பல மணி நேரம் சூட்டோடு இருக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல். மறுநாள் காலையில் வேறொரு குடும்பத்துப் பிள்ளை வெறுங்காலோடு அதில் ஓடிவந்து மிதிக்கும். கடற்கரையில் தீக்காயம் பட்டு வரும் பிள்ளைகளில் பலர் இப்படி, எரிகிற தீயால் இல்லாமல் மூடிவைத்த தணலால் காயப்பட்டவர்கள்தான். கடல் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது, வாளி வாளியாக ஊற்றி அணையுங்கள்.

இன்னொன்று. பினாங்குத் தேசியப் பூங்காவிலுள்ள பந்தாய் கெராசுட், ஆமைகள் முட்டையிட வரும் கரை. இரவில் தீ வெளிச்சம் அவற்றைக் குழப்பிவிடும். அந்தக் கரையில் தீமூட்டும் எண்ணமே வேண்டாம். முகாம் போட அனுமதி வாங்கும்போதே எங்கே சமைக்கலாம் என்பதைத் தெலுக் பஹாங் நுழைவாயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் கொண்டோவில் இருக்கிறோம். காட்டுக்குப் போகும் முன்னால் பழக வழி உண்டா?

உண்டு. கொண்டோக்கள் பலவற்றில் நீச்சல் குளத்துப் பக்கம் பார்பிக்யூ அடுப்பு இருக்கும். நிர்வாகத்திடம் பதிவுசெய்து ஒரு சாயங்காலம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய் பக்கத்தில், தரை சிமெண்ட், மேலே கிளை இல்லை. பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. பால்கனியில் மட்டும் முயற்சி செய்யவே கூடாது.

அதைவிட நமக்குப் பழக்கமான பாடம் ஒன்று வருஷாவருஷம் ஜனவரியில் வருகிறது. பொங்கலன்று வீட்டு வாசலிலோ கோயிலிலோ தமிழ்ப்பள்ளியிலோ மூன்று செங்கல் வைத்து விறகில் பானை ஏற்றுகிறோமே, அங்கே பிள்ளையை "தள்ளிப் போ" என்று விரட்டாமல் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அடுப்பின் வாய் ஏன் அந்தப் பக்கம் இருக்கிறது, பால் பொங்கும் நேரத்தில் ஏன் விறகை வெளியே இழுக்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொல்லுங்கள். தோட்டத்தில் ரப்பர்க் கட்டையில் சமைத்து வளர்ந்த பாட்டிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை விட்டுவிடலாம், நம்மைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

முகாமில் அடுப்பை எங்கே வைப்பது?

முகாம் நடத்துபவர்கள் அடுப்புக்கென்று இடம் ஒதுக்கியிருந்தால் அங்கேதான். இல்லையென்றால் வெறும் மண்தரையாகப் பார்த்து, கூடாரத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டராவது தள்ளி, காற்று கூடாரத்தின் பக்கமிருந்து அடுப்பை நோக்கி அடிக்கும்படி வையுங்கள். இப்போதைய கூடாரங்கள் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். ஒரு பொறி போதும். மேலே தாழ்ந்த கிளை, கட்டிய தார்ப்பாய் எதுவும் இருக்கக் கூடாது. சுற்றியுள்ள சருகை வாரிவிடுங்கள்.

ஆற்றுக்குள் கிடக்கும் கல்லை எடுத்து அடுப்புக் கட்டாதீர்கள். உள்ளே ஈரம் ஊறியிருந்தால் சூட்டில் வெடித்துச் சில்லு தெறிக்கும். காய்ந்த செங்கல் மூன்றைக் காரிலேயே போட்டுக்கொண்டு போவது நல்லது. சிலாங்கூரில் சில பகுதிகளில் நிலமே கரிமண், அதாவது இலையும் வேரும் மட்கிச் சேர்ந்த, தானே எரியக்கூடிய மண். அங்கே தரையில் தீ வைத்தால் மண்ணுக்கடியில் போய்ப் புகைந்துகொண்டே இருக்கும், அணைப்பது பெரும்பாடு. அந்த மாதிரி இடத்தில் கால் வைத்த இரும்பு அடுப்புக்கூடத் தரைக்குச் சூடு இறங்காதபடி இருந்தால்தான் சரி.

அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்தில் கயிறோ மாவுக்கோடோ போட்டு வட்டம் வரையுங்கள். அன்றைக்குச் சமைக்கும் பிள்ளையும் அதைப் பார்க்கும் பெரியவரும் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது. வட்டத்துக்குள் ஓட்டம் இல்லை, விளையாட்டு இல்லை. பிள்ளைகள் கோலமாவில் தாங்களே அந்த வட்டத்தைப் போட்டால் அதை மதிக்கிறார்கள், இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். தீ பற்றவைக்கும் முன்பே வாளி நிறையத் தண்ணீர் வட்டத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும்.

என்ன விறகு நல்லது?

கடையில் விற்கும் பாக்காவ் கரி சமமாக எரியும், பொறி குறைவு, பிள்ளைகளுக்கு ஏற்றது. பேராக்கின் கோலா செபெத்தாங் பக்கத்து அலையாத்திக் கட்டையில் சுடும் கரி அது. கொட்டாங்கச்சியும் நன்றாக எரியும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்தடித்த பேலட் கட்டை எல்லாம் ஒதுக்குங்கள், அந்தப் புகை நஞ்சு.

காட்டில் கண்ட மரத்தை ஒடிக்க வேண்டாம். ரெங்காஸ் மரத்தின் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். அரளிக் குச்சியைப் பிள்ளைகள் அழகாக நேராக இருக்கிறதே என்று எடுத்துவருவார்கள். அரளி முழுக்க விஷம், அதில் எதையும் குத்திச் சுடக்கூடாது. மூங்கிலைப் போடுவதானால் பிளந்துதான் போட வேண்டும். கணு மூடிய மூங்கில் உள்ளே காற்று விரிந்து பட்டாசாக வெடிக்கும்.

பற்றவைக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால் சுலபம்தானே?

வேண்டவே வேண்டாம். பெட்ரோல், ஸ்பிரிட், கைக்குப் போடும் சானிடைசர் எதுவும் வேண்டாம். எரிகிற தீயில் ஊற்றினால் சுடர் புட்டிக்கே தாவும். சானிடைசரின் சுடர் பகலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பெரியவர் ஊற்றுவதைப் பார்க்கிற பிள்ளை ஒருநாள் தானும் ஊற்றிப் பார்க்கும்.

கற்பூரம் வைக்கலாமா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. பற்றிக்கொள்ளும், சரிதான். ஆனால் மிட்டாய் மாதிரி இருக்கும் அதைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டுவிட்டால் வலிப்பே வரலாம். காய்ந்த தேங்காய் நாரும் ஒரு துண்டு மெழுகுவர்த்தியும் போதும்.

பிள்ளை என்ன போட்டுக்கொள்ள வேண்டும்?

பருத்திச் சட்டை. காற்பந்துக் குழு ஜெர்சி வேண்டாம், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தொங்கும் துப்பட்டா, அகலக் கை, விரித்த தலைமுடி கூடாது. சிலிப்பரைக் கழற்றிவிட்டு மூடிய காலணி போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் எதிர்த்துப் பேசும் விஷயம் இது ஒன்றுதான், விடாதீர்கள்.

முதல் சமையலாக எதைச் செய்யலாம்?

கழியில் சுற்றிய ரொட்டி. பச்சை இறைச்சி இல்லை, கொதிக்கும் எண்ணெய் இல்லை, தவறினாலும் போவது கொஞ்சம் மாவுதான்.

இரண்டு கப் ஆட்டா மாவு, உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், இருந்தால் ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர். சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து பத்து நிமிஷம் மூடி வைக்கவும். கழி பிள்ளையின் கையைவிட நீளமாக, பெருவிரல் தடிமனில் இருக்க வேண்டும். சாத்தே குச்சி ரொம்பக் குட்டை, கை தீயருகே போய்விடும். மாவை விரல் தடிமனில் கயிறாக உருட்டிக் கழியின் நுனியில் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். தடிமனாகச் சுற்றினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

இங்கேதான் பெரிய பாடம். சுடர் எரியும்போதே எல்லாப் பிள்ளைகளும் கழியை நீட்டும். "அங்கிள், இப்ப வைக்கலாமா?" என்று நச்சரிக்கும். சுடர் அடங்கி, கரியின் மேல் சாம்பல்நிறம் பூத்து, உள்ளே சிவப்பு தெரியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். அரைமணி நேரமாவது ஆகும். அப்புறம் பெரியவர் தணலுக்கு ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்றுக்குள் கையை இழுத்தால் சூடு அதிகம். ஐந்தாறு எண்ணிக்கை தாங்கினால் ரொட்டிக்குச் சரியான பதம். கழியை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால் மாவு முதலில் வெளுக்கும், பிறகு அங்கங்கே பொன்னிறப் புள்ளி விழும், லேசாக உப்பும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மெல்லத் திருகினால் கழியிலிருந்து தானே கழன்று வரும். ஒட்டிக்கொண்டால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். அந்தக் குழலுக்குள் நெத்திலி சம்பலோ காயாவோ வைத்துச் சாப்பிடலாம்.

அடுத்த படி, உரிக்காத சோளத்தை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் தணல்மேல் கம்பி வலையில் புரட்டிச் சுடுவது. சர்க்கரைவள்ளிக்கிழங்கை அலுமினியத் தாளில் சுற்றித் தணலுக்குள் புதைக்கலாம், முக்கால் மணி நேரமாகும். தாளைப் பிரிக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கச் சொல்லுங்கள், சட்டி மூடிக்கும் அதே விதிதான். ஆவிக்காயம் தீக்காயத்துக்குச் சளைத்ததில்லை. மரவள்ளியைத் தோல் சீவி நன்றாக வேகவைக்காமல் கொடுக்கக் கூடாது. முட்டையை ஓட்டோடு தணலில் போட்டால் வெடிக்கும்.

கோழி, சாத்தே எல்லாம்?

ரொட்டியும் சோளமும் கைவந்த பிறகு. பச்சைக் கோழியைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், பச்சைக்கு ஒரு இடுக்கி, வெந்ததற்கு வேறு இடுக்கி. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும், உணவு வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்துச் சொல்வது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த வேலை. சாத்தே குச்சியை அரைமணி நேரம் ஊறவையுங்கள். நம்மூர் மதிய வெயிலில் சமைத்த சாப்பாட்டை ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே வைத்துச் சாப்பிட வேண்டாம், சோறும் அப்படித்தான்.

டின் சார்டினை அப்படியே சூடுபண்ணலாமா?

கூடாது. திறக்காத டின் வெடிக்கும். திறந்து சட்டியில் கொட்டி, வெங்காயம் மிளகாயோடு கிண்டுங்கள். கையில் கொண்டுபோகும் கேஸ் அடுப்பின் சிலிண்டரையும் தணல் பக்கம் வைக்காதீர்கள்.

ஒரு பெரியவர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம்?

வட்டத்துக்குள் இரண்டு பேர். அந்தப் பெரியவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது.

மழை வந்துவிட்டால்?

நம் பக்கம் சாயங்கால இடிமழை சாதாரணம், அதனால் சமையலைக் காலையில் வைத்துக்கொள்வது உத்தமம். மழை வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ரொட்டியும் ஜாமும் சாப்பிடுங்கள். தணல் தட்டைக் கூடாரத்துக்குள் எடுத்துப்போவது உயிருக்கே ஆபத்து. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கதகதப்புக்காகவும் வேண்டாம், புகை அடங்கிவிட்டதென்றும் வேண்டாம்.

சுங்கை சொங்காக் மாதிரி ஆற்றோர முகாமில் மலையில் மழை பெய்தால் கீழே திடீரென்று வெள்ளம் இறங்கும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் சட்டியை அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். 2022 டிசம்பரில் பத்தாங் காலி முகாமில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. உரிமம் உள்ள இடமா, சரிவுக்குக் கீழே இருக்கிறதா என்று விசாரித்த பிறகே பதிவுசெய்யுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் போகலாமா?

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை. அன்று வெளியே போவதும் வேண்டாம், தீயும் வேண்டாம். மற்ற நாளிலும் ஆஸ்துமா உள்ள பிள்ளையைக் காற்று வரும் பக்கம் உட்காரவைத்து, இன்ஹேலரை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சமைத்த தீயில் குப்பையைப் போட்டு எரிக்காதீர்கள். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் குப்பை எரிப்பது குற்றம்.

பிள்ளை சுட்டுக்கொண்டால் என்ன செய்வது?

உடனே ஓடும் குளிர்ந்த தண்ணீர், 20 நிமிஷம். கடிகாரம் பார்த்து 20 நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் அழுகை நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள், அப்போதும் உள்ளே சூடு இறங்கிக்கொண்டுதான் இருக்கும். குழாய் இல்லாத இடமென்றால் இதற்காகவே பெரிய தண்ணீர்க் கேன் கொண்டுபோங்கள், மெல்லிய தாரையாக ஊற்றினால் போதும். வளையல், மோதிரம், கைக்கயிறு எல்லாவற்றையும் வீங்கும் முன் கழற்றுங்கள். ஒட்டிப்போன துணியை இழுக்காதீர்கள்.

பற்பசை, கிச்சாப், மஞ்சள், வெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு, ஐஸ் கட்டி எதுவும் போடக்கூடாது. வீட்டுப் பெரியவர்கள் அன்போடு கொண்டுவருவார்கள், மரியாதையாக மறுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றி முடித்ததும் சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக மேலே வையுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். காயம் பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடத்தில் பட்டிருந்தாலோ, தோல் வெளுத்தோ கருகியோ தெரிந்தாலோ உடனே மருத்துவமனைதான். அவசரத்துக்கு 999. காட்டுக்குள் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்பதை வந்திறங்கியதுமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சுடரைவிடக் கொதிநீரால்தான் காயம் அதிகம். மைலோ கலக்கும் கெட்டிலைத் தரையில் வைக்காதீர்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சூடான தேநீர் குடிக்காதீர்கள்.

உடையில் தீப்பிடித்தால்?

நில், படு, உருள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொள்ள வேண்டும். ஓடினால் தீ பெருகும். இதை வீட்டுக் கூடத்திலேயே விளையாட்டாகப் பழக்குங்கள், கால் தன்னால் நிற்கும் அளவுக்கு.

என் பிள்ளை தீயைக் கண்டாலே பயப்படுகிறது. கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். மாவு பிசையட்டும், நேரம் பார்க்கட்டும், தண்ணீர் வாளிக்குப் பொறுப்பாக நிற்கட்டும். வாளிக்காரர் "எல்லாரும் பின்னால போங்க" என்றால் அப்பாவும் போகத்தான் வேண்டும் என்று விதி வையுங்கள். எனக்குக் கவலை தருவது பயப்படுகிற பிள்ளை இல்லை, எரியும் கழியைச் சுழற்றிக் காட்டுகிற பிள்ளைதான். அதற்கு ஒரு எச்சரிக்கை, அடுத்த தடவை வட்டத்துக்கு வெளியே. மறுநாள் மறுபடி வாய்ப்புக் கொடுங்கள்.

குரங்குத் தொல்லைக்கு என்ன வழி?

சாப்பாட்டைப் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், குரங்குக்குப் பை என்றாலே சாப்பாடு. அடுப்பு எரியும்போது குரங்கு வந்தால் பிள்ளைகள் துரத்தக்கூடாது, தடுமாறித் தணலில் விழுவது அப்படித்தான். விரட்டுவது பெரியவர் வேலை.

சட்டியில் படியும் கரியை எப்படித் தேய்ப்பது?

ஏற்றும் முன்பே சட்டியின் வெளிப்புறத்தில் பாத்திரம் கழுவும் சோப்பையோ, குழைத்த சாம்பலையோ மெல்லப் பூசிவிடுங்கள். கரி அதன்மேல்தான் படியும், ஆறியபின் தண்ணீர் விட்டுத் துடைத்தால் வந்துவிடும். இந்தப் பூச்சு வேலையை ஐந்து வயதுப் பிள்ளையிடமே கொடுக்கலாம். கழுவுவதை ஆற்றில் செய்யாமல், ஆற்றிலிருந்து தள்ளி, வாளித் தண்ணீரில் செய்யச் சொல்லுங்கள்.